டேட்டா எங்கே இருக்கிறது: கிளவுட் அப்ளிகேஷனைச் சட்டப்படி ஏற்ற ஒரு முழுமையான வழிகாட்டி

மண்ணடியில் கஸ்டம்ஸ் புரோக்கர் அலுவலகங்கள், எம்.சி. ரோட்டில் ஜவுளிக்கடைகள், காசிமேட்டில் மீன் ஏற்றுமதி செய்கிறவர்கள், மணலிப் பக்கம் கன்டெய்னர் யார்டுகள், தண்டையார்பேட்டையில் ரத்தப் பரிசோதனை லேப்கள். வட சென்னையில் சின்ன மென்பொருள் குழு நடத்துகிறவர்களுக்கு வேலை கொடுப்பது பெரும்பாலும் இந்த மாதிரி இடங்கள்தான். இவர்களுடைய பில், ரிப்போர்ட், ஷிப்பிங் பேப்பர் எல்லாம் இன்று ஏதோ ஒரு கிளவுட்டில் ஓடுகிறது. "நம்ம டேட்டா இந்தியாவுலதானே இருக்கு?" என்று முதலாளி கேட்டால், "ஆமா சார், மும்பை சர்வர்" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம்.

அந்தப் பதில் பாதிதான் சரி. டேட்டாபேஸ் மும்பையில் இருக்கும். அதிலிருந்து கிளம்பிய எஸ்எம்எஸ், பிழை அறிக்கை, பேக்கப், டெவலப்பர் லேப்டாப்பில் கிடக்கும் பிரதி ஆகியவை எங்கே இருக்கின்றன என்று கேட்டால் பதில் வராது. சட்டச் சிக்கல் பெரும்பாலும் இந்தக் கிளைகளில்தான் முளைக்கிறது. அதனால் இந்த வழிகாட்டியில் பாதி நேரம் டேட்டா போகும் வழியைத் தேடுவதற்கே போகும். ரீஜன் (கிளவுட் கம்பெனியின் சர்வர்கள் இருக்கும் வட்டாரம்) தேர்வு, செட்டிங் எல்லாம் அதற்கப்புறம்.

முதல் படி: எந்தச் சட்டம் நம்மைத் தொடும்

இந்தியாவில் தனிநபர் தகவலைக் கையாளும் எல்லோருக்கும் பொதுவானது 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். இதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. எல்லாம் ஒரே நாளில் அமலுக்கு வரவில்லை. முக்கியமான கடமைகளுக்கு 18 மாத அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். அதாவது 2027 மே மாதம். அதுவரை ஓய்வாக இருக்கலாம் என்று அர்த்தமில்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவும், அதன்கீழ் 2011-இல் வந்த விதிகளும் உடல்நலத் தகவல், வங்கி விவரம், பாஸ்வேர்ட் போன்றவற்றுக்கு ஏற்கெனவே பாதுகாப்புக் கேட்கின்றன. புதிய சட்டத்தில் அப்படித் தனி வகை கிடையாது. ஜவுளிக்கடையில் வாங்கி வைத்த மொபைல் நம்பரும் லேபில் உள்ள சர்க்கரை அளவும் ஒரே சட்டத்தின்கீழ் வருகின்றன. போதிய பாதுகாப்பு ஏற்பாடு செய்யாமல் விட்டால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம்.

எதற்காக டேட்டா வாங்குகிறோம், எப்படிப் பயன்படுத்துகிறோம் என்று முடிவு செய்கிறவர்மேல்தான் இந்தச் சட்டத்தின் பொறுப்பு விழுகிறது. இந்த வழிகாட்டி முழுக்க ஒரு ரத்தப் பரிசோதனை லேபை உதாரணமாக எடுத்துக்கொள்வோம்; அங்கே அது லேப் முதலாளி. அவருக்காக அப்ளிகேஷன் ஓட்டும் நீங்கள் அவருடைய கையாள். உங்கள் பக்கம் தவறு நடந்தாலும் சட்டம் முதலில் அவர் கதவைத்தான் தட்டும். அவர் ஒப்பந்தத்தைக் கையில் எடுத்துக்கொண்டு உங்கள் கதவைத் தட்டுவார். இந்த வரிசை புரிந்தால் முதலாளியிடம் பேசும் தொனியே மாறிவிடும். பாதுகாப்புக்கு ஆகும் செலவை அவர்முன் வைக்க இனி கூச்சப்பட வேண்டாம், அது அவருக்கான காப்பு.

அடுத்தது செர்ட்-இன் என்று எல்லோரும் சொல்லும் இந்தியக் கணினி அவசர நடவடிக்கைக் குழு. 2022 ஏப்ரல் 28 அன்று அது வெளியிட்ட உத்தரவு இரண்டு விஷயங்களில் கறாரானது. சைபர் சம்பவம் தெரிய வந்த 6 மணி நேரத்துக்குள் தகவல் சொல்ல வேண்டும். சிஸ்டம் லாக்குகளை (யார் எப்போது என்ன செய்தார் என்ற பதிவுகளை) 180 நாள் வைத்திருக்க வேண்டும். இதில் சின்ன கம்பெனிக்கு என்று விலக்கு எதுவும் இல்லை.

மற்றவை தொழிலைப் பொறுத்தவை. பணப் பரிமாற்ற டேட்டா இந்தியாவில் மட்டுமே சேமிக்கப்பட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஏப்ரலில் உத்தரவிட்டது. 2022 அக்டோபர் 1 முதல், கார்டு கொடுத்த வங்கியும் கார்டு நெட்வொர்க்கும் தவிர வேறு யாரும் முழு கார்டு நம்பரைச் சேமிக்கக் கூடாது. உங்கள் ஜவுளிக்கடை அப்ளிகேஷனில் கடைசி நாலு இலக்கமும் கார்டு கொடுத்த வங்கியின் பெயரும் இருக்கலாம், அதற்குமேல் வேண்டாம். கஸ்டமர் ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனி என்றால் இன்னொன்றும் சேர்கிறது. கணக்குப் புத்தகம் எந்த நாட்டுச் சர்வரில் இருந்தாலும், அதன் பேக்கப் தினமும் இந்தியாவுக்குள் இருக்கும் சர்வரில் விழ வேண்டும். 2022-இல் கம்பெனிக் கணக்கு விதிகளில் செய்த திருத்தம் இது. ஆடிட்டர்கள் கேட்பதற்கு முன்னால் நாமே சொல்லிவிட்டால் நம்மேல் மரியாதை கூடும்.

வெளிநாட்டுக் கஸ்டமர் இருந்தால் அந்த நாட்டுச் சட்டமும் கூடவே வரும். ஐரோப்பாவில் 2018 மே 25 முதல் ஜிடிபிஆர் என்ற தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அமலில் இருக்கிறது. நம் துறைமுகத் தொழிலுக்கு அதிகம் தொடர்புள்ள சிங்கப்பூர், மலேசியா, அமீரகம் மூன்றிலும் தனித்தனிச் சட்டங்கள் இருக்கின்றன. ஒரு தாளில் கஸ்டமர் பெயர், அவர் தொழில், அவர் கையாளும் ஆட்கள் எந்த நாட்டில் இருக்கிறார்கள், எந்தச் சட்டம் பொருந்தும் என்று நாலு நெடுவரிசை போட்டு எழுதிக்கொள்ளுங்கள். முதல் படிக்கு அவ்வளவு போதும்.

இரண்டாம் படி: ஒரு டேட்டாவின் பின்னாலேயே நடந்து போவது

இதுதான் முழு வேலைக்கும் உயிர். அவசரப்படாதீர்கள். முழு அப்ளிகேஷனையும் ஒரே படத்தில் வரையப் போனால் கட்டமும் அம்புமாகத்தான் வரும், உண்மை வராது. ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொண்டு அது பிறந்த இடத்திலிருந்து அழியும் இடம் வரை பின்தொடருங்கள்.

ஒரு லேப் ரிப்போர்ட்டை எடுத்துக்கொள்வோம். காலை வெறும் வயிற்றோடு ஒருவர் வருகிறார். கவுண்டரில் இருக்கும் பெண் பெயர், வயது, மொபைல் நம்பர், அனுப்பிய டாக்டர் பெயர் நாலையும் டைப் செய்கிறார். பார்கோடு ஒட்டிய டியூப் உள்ளே போகிறது. மெஷினோடு இணைந்த கம்ப்யூட்டர் ரிசல்ட்டை அனுப்புகிறது, டாக்டர் பார்த்து ஒப்புதல் கொடுக்கிறார், பிடிஎஃப் உருவாகிறது, ஸ்டோரேஜ் பக்கெட்டில் (கிளவுட்டில் ஃபைல் சேமிக்கும் இடத்தில்) விழுகிறது, எஸ்எம்எஸ் போகிறது. வெளியே தெரியும் பாதை இவ்வளவுதான். இனி ஒவ்வொரு இடத்திலும் நின்று, இங்கிருந்து வேறு எங்கே கசிகிறது என்று பாருங்கள்.

பிடிஎஃப் உருவாகும்போது புரோகிராம் கோடு உடைந்தால், பிழையைப் பிடிக்கும் சேவைக்கு ஒரு செய்தி போகும். பிழைச் செய்தியோடு அந்த நேரத்தில் கையில் இருந்த ரிக்வெஸ்ட் முழுவதும் போகும்படி அமைத்திருந்தால் நோயாளி பெயர், வயது, ரிசல்ட் எல்லாம் அதில் இருக்கும். அந்தச் சேவையின் சர்வர் அமெரிக்காவில் இருக்கலாம். டேட்டாபேஸை மும்பையில் வைத்துப் பூட்டிய பிறகும் மிக சாதாரணமாக நடக்கும் கசிவு இது. பெயர், நம்பர், ரிசல்ட் போன்ற ஃபீல்டுகளை அனுப்புவதற்கு முன்பே வடிகட்டும் வசதி இந்தச் சேவைகளின் லைப்ரரியில் இருக்கிறது. அதை ஆன் செய்துவிட்டு, வேண்டுமென்றே ஒரு பிழையை உண்டாக்கி, அங்கே என்ன போய்ச் சேர்ந்தது என்று கண்ணால் பாருங்கள். பார்க்காமல் நம்பாதீர்கள்.

எஸ்எம்எஸ்ஸில் என்ன எழுதியிருக்கிறது என்பதும் முக்கியம். "உங்கள் பரிசோதனை முடிவு தயார்" என்று மட்டும் இருந்தால் சரி. பரிசோதனையின் பெயர் வேண்டவே வேண்டாம். எச்ஐவி பரிசோதனை பற்றிய ரகசியத்தைக் காக்க 2017-இல் வந்த தனிச் சட்டமே இருக்கிறது. ஒரே போனை வீட்டில் நாலு பேர் எடுத்துப் பார்க்கும் இடத்தில், அந்த ஒரு வார்த்தை ஒருவருடைய வாழ்க்கையைக் குலைத்துவிடும்.

பக்கெட்டுக்கு முன்னால் சிடிஎன் (ஃபைல்களைப் பார்ப்பவருக்குப் பக்கத்தில் நகல் வைத்து வேகமாகத் தரும் சேவை) வைத்திருக்கிறீர்களா? உலகம் முழுக்க அதற்கு நகல் வைக்கும் இடங்கள் இருக்கும். லோகோவும் பக்க வடிவமும் அந்த வழியில் போகட்டும். ரிப்போர்ட் பிடிஎஃப் கேஷ் ஆகாமல், சில நிமிடங்களில் காலாவதியாகும் லிங்க் வழியாக நேரே பக்கெட்டிலிருந்து வரட்டும்.

ரிப்போர்ட்டைத் தமிழில் சுருக்கிச் சொல்ல ஏஐ மாடல் சேர்க்கும் வழக்கம் இப்போது வந்திருக்கிறது. அமேசானின் ஏஐ சேவையான பெட்ராக்கில் சில மாடல்களை, ரீஜன்களுக்கு இடையே வேலையைப் பிரித்துக்கொள்ளும் முறையில் கூப்பிடலாம். மும்பையிலிருந்து கூப்பிட்டாலும் டோக்கியோவிலோ சிங்கப்பூரிலோ அது ஓடலாம். மாடலின் பெயரை நகலெடுத்து ஒட்டும்போது எந்த ரீஜன்களுக்கு இடையே ஓடும் என்று காட்டும் சின்ன முன்னொட்டு அதன் முன்னால் இருக்கும்; அதைக் கவனிக்காவிட்டால் உடல்நலத் தகவல் நாடு தாண்டிவிடும்.

அப்புறம், கிளவுட்டுக்கே சம்பந்தமில்லாத ஒரு கசிவு. கவுண்டரில் நின்றுகொண்டு "அக்கா, வாட்ஸ்அப்புல போட்டுடுங்கக்கா" என்று கேட்பார்கள். அவரும் தன் சொந்தப் போனிலிருந்து பிடிஎஃப்பை அனுப்பிவிடுவார். அன்று மாலைக்குள் அந்தப் போனின் கேலரியில் அத்தனை பேருடைய ரிப்போர்ட்டும் இருக்கும். கூடாது என்று நோட்டீஸ் ஒட்டினால் நிற்காது. ஓடிபி போட்டதும் திறக்கும் லிங்கை ஒரே பட்டனில் அனுப்பும் வசதியை அப்ளிகேஷனில் கொடுங்கள். சொந்தப் போனை எடுப்பதைவிட அது சுலபமாக இருந்தால் அவரே அதற்கு மாறிக்கொள்வார். கூட்ட நேரத்தில் கவுண்டர் பக்கம் ஒரு மணி நேரம் நின்று பார்த்தால் இப்படி இன்னும் பல கண்ணில் படும். எந்த ஆடிட் படிவமும் இதைக் காட்டிக் கொடுக்காது.

நடந்து முடித்ததும் ஒரு எக்செல் ஷீட் திறந்து, என்ன டேட்டா, எந்தச் சேவைக்குப் போகிறது, அந்தச் சேவை எந்த நாட்டில் இருக்கிறது, எத்தனை நாள் இருக்கும், யார் பார்க்க முடியும், அவர்களோடு ஒப்பந்தம் இருக்கிறதா என்று நிரப்புங்கள். பிறகு அதைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. சர்வரிலிருந்து வெளியே கேட்கப்படும் டிஎன்எஸ் பெயர்களை (இணைய முகவரிகளை) ஒரு வாரம் பதிவு செய்யுங்கள். அமேசானில் ரூட் 53 ரிசால்வரின் க்வெரி லாக் இதைச் செய்யும். உங்கள் ஷீட்டில் இல்லாத ஒரு பெயர் அந்தப் பட்டியலில் வந்தால், யாரோ எப்போதோ சேர்த்த லைப்ரரி ஒன்று உங்களுக்குத் தெரியாமல் வெளியே பேசிக்கொண்டிருக்கிறது. பிரவுசரிலும் நெட்வொர்க் பகுதியைத் திறந்து வைத்து ஒரு முறை முழுக்க அப்ளிகேஷனைச் சுற்றி வாருங்கள். விளம்பரக் குறியீடும் ஸ்கிரீனைப் பதிவு செய்யும் குறியீடும் அங்கேதான் மாட்டும்.

மூன்றாம் படி: ரீஜன்

இது சுலபம். அமேசானுக்கு மும்பையிலும் ஹைதராபாத்திலும் ரீஜன் இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் அஷூருக்குப் புனே, சென்னை, மும்பை. கூகுளுக்கு மும்பையும் டெல்லியும். தனிநபர் தரவுச் சட்டம் டேட்டா தமிழ்நாட்டில் இருக்க வேண்டும் என்று கேட்கவில்லை. இந்தியாவை விட்டே போகக் கூடாது என்றும் பொதுவாகச் சொல்லவில்லை. எந்தெந்த நாட்டுக்குப் போகக் கூடாது என்று கட்டுப்படுத்தும் அதிகாரத்தை அரசு தன்னிடம் வைத்திருக்கிறது. ஆனாலும் நம் ஊர்க் கஸ்டமருக்கு இந்திய ரீஜனைவிட்டு வெளியே போக ஒரு காரணமும் இல்லை. வண்ணாரப்பேட்டையில் ரிப்போர்ட் பார்ப்பவருக்கு மும்பை சர்வரின் தூரம் தெரியப் போவதில்லை.

கவனிக்க வேண்டியது இரண்டாவது பிரதி எங்கே என்பது. 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலையும் பார்த்த ஊர் இது. மிக்ஜாமின்போது எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்ததும், தெருக்களில் நாள்கணக்கில் தண்ணீர் நின்றதும் இங்கே இருக்கிறவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆபீஸ் அலமாரியில் இருக்கும் ஹார்ட் டிஸ்க்கும், அதே ஊரில் உள்ள டேட்டா சென்டரும் இரண்டு பிரதி ஆகாது. மும்பையில் முதன்மை, ஹைதராபாத்தில் பேக்கப் என்று வையுங்கள். அஷூரில் புனேவும் சென்னையும் ஜோடி. ஹைதராபாத் ரீஜன் அமேசான் அக்கவுண்டில் தானாக ஆன் ஆகியிருக்காது, நாம்தான் ஆன் செய்ய வேண்டும். புது ரீஜன்களில் எல்லாச் சேவையும் இருக்காது. பேக்கப்பிலிருந்து எழுப்பத் தேவையான எல்லாம் அங்கே இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள். சென்னை ரீஜனைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னும் இதே கேள்வியைக் கேளுங்கள்.

நான்காம் படி: ரீஜனைப் பூட்டுவது

மும்பையில் வைப்போம் என்று குழுவில் பேசி முடிவெடுப்பது பூட்டு ஆகாது. இணையத்தில் கிடைக்கும் பாடங்களில் பாதி அமெரிக்காவின் வர்ஜீனியா ரீஜனில் எழுதப்பட்டவை. புதிதாகச் சேர்ந்த பையன் ஒரு வரியை நகலெடுத்து ஓட்டினால் பக்கெட் அங்கே பிறந்துவிடும். அதை முடியாமல் ஆக்க வேண்டும்.

அமேசானில் ஆர்கனைசேஷன்ஸ் சேவையின் சர்வீஸ் கன்ட்ரோல் பாலிசி மூலம், கேட்கப்படும் ரீஜன் மும்பையோ ஹைதராபாத்தோ இல்லையென்றால் மறுத்துவிடு என்று எழுதலாம். ஐஏஎம், ரூட் 53, கிளவுட்ஃபிரண்ட், சப்போர்ட் போன்ற சேவைகள் உலகம் முழுக்க ஒன்றாக ஓடுகிறவை. அவற்றுக்கு விலக்குக் கொடுக்காவிட்டால் மறுநாள் காலையில் எதுவும் வேலை செய்யாது. பலர் தவறவிடும் ஒரு விஷயம்: இந்தப் பாலிசி, மற்ற அக்கவுண்டுகளை நிர்வகிக்கும் மேனேஜ்மென்ட் அக்கவுண்டைக் கட்டுப்படுத்தாது. அதனால் அந்த அக்கவுண்டில் பில் கட்டுவதையும் நிர்வாகத்தையும் தவிர வேறெதுவும் ஓட்டாதீர்கள். அஷூரில் அனுமதிக்கப்பட்ட இடங்கள் என்ற பாலிசி, கூகுளில் ரிசோர்ஸ் லொக்கேஷன் கட்டுப்பாடு ஆகியவை இதே வேலையைச் செய்யும்.

ஐரோப்பியக் கஸ்டமர் இருந்தால் அவருக்குத் தனி அக்கவுண்ட், தனிப் பூட்டு. ஒரே அக்கவுண்டில் இரண்டையும் கலந்துவிட்டு டேக் போட்டுப் பிரிக்கலாம் என்று நினைக்காதீர்கள். பூட்டியதும் வர்ஜீனியாவில் ஒரு பக்கெட் உருவாக்கிப் பாருங்கள். மறுப்பு வர வேண்டும். அந்த மறுப்பைத் தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், பின்னால் பயன்படும்.

ஐந்தாம் படி: சாவியும் ஆட்களும்

டேட்டா படுத்திருக்கும்போதும் பயணிக்கும்போதும் என்கிரிப்ட் ஆகியிருக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். சாவியை நிர்வகிப்பவர் யார், அது எந்த ரீஜனில் இருக்கிறது என்று கேட்பவர்கள் குறைவு. உங்கள் கட்டுப்பாட்டில் உள்ள கேஎம்எஸ் (சாவிகளை நிர்வகிக்கும் கிளவுட் சேவை) சாவியைப் பயன்படுத்துங்கள். கஸ்டமர் ஒவ்வொருவருக்கும் தனிச் சாவி என்றால் இன்னும் நல்லது. ஒருவர் விலகும்போது அவருடைய சாவியை நீக்கினால் அவர் டேட்டா எங்கே மிஞ்சியிருந்தாலும் படிக்க முடியாது.

பெரம்பூரிலோ வியாசர்பாடியிலோ உட்கார்ந்து ஜெர்மனி கஸ்டமருக்கு வேலை செய்கிறவர்கள் இதைக் கவனியுங்கள். டேட்டா ஃபிராங்க்ஃபர்ட்டில்தான் இருக்கிறது, நாம் இங்கிருந்து பார்க்க மட்டும்தான் செய்கிறோம் என்பது ஜிடிபிஆர் முன்னால் எடுபடாது. வேறு நாட்டிலிருந்து பார்ப்பதும் டேட்டாவை அந்த நாட்டுக்கு அனுப்புவதாகவே கணக்கு. இந்தியாவுக்குப் போதிய பாதுகாப்புள்ள நாடு என்ற அங்கீகாரத்தை ஐரோப்பிய ஆணையம் இன்னும் தரவில்லை. எனவே 2021 ஜூனில் அவர்கள் வெளியிட்ட நிலையான ஒப்பந்தப் பிரிவுகளில் கையெழுத்திட வேண்டும். அதோடு, இங்கிருந்து யார் யார் எதற்காகப் பார்க்கிறார்கள் என்பதையும் குறைக்க வேண்டும். லைவ் டேட்டாபேஸை நேரடியாகத் திறக்கும் உரிமை எப்போதும் யாரிடமும் இருக்க வேண்டாம். தேவைப்படும்போது கேட்டு, ஒருவர் ஒப்புதல் கொடுத்து, ஒரு மணி நேரத்தில் தானே காலாவதியாகும் அனுமதி போதும். டெஸ்டுக்கு லைவ் டேட்டாவை டம்ப் (மொத்த நகல்) எடுக்கும் பழக்கத்தை அடியோடு நிறுத்துங்கள். பொய்ப் பெயரும் பொய் நம்பரும் போட்ட டேட்டாவை ஒரு ஸ்கிரிப்ட் எழுதி உருவாக்கிக்கொள்ளலாம்.

இதற்கு எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு. வெளிநாட்டு நிறுவனத்தின் ஒப்பந்தப்படி, இந்தியாவில் இல்லாதவர்களின் டேட்டாவை இங்கே கையாண்டால், இந்தியச் சட்டத்தின் பெரும்பாலான கடமைகளிலிருந்து விலக்கு இருக்கிறது. பாதுகாப்பு ஏற்பாடு செய்யும் கடமைக்கு விலக்கு இல்லை.

ஆறாம் படி: லாக்கும் கடிகாரமும்

180 நாள் என்ற கணக்கில் பலர் இடறுவது கிளவுட்டின் இயல்பான செட்டிங்கை நம்பி. அமேசானின் பதிவுச் சேவையான கிளவுட்டிரெயிலின் கன்சோலில் தெரியும் வரலாறு 90 நாளைக்கு மட்டும்தான். அஷூரின் ஆக்டிவிட்டி லாக்கும் 90 நாள். கூகுளில் சாதாரண லாக்குகள் 30 நாளில் போய்விடும். எனவே தனியாக ஒரு பக்கெட்டுக்கு அவற்றை அனுப்பிச் சேமிக்க வேண்டும். 180 நாள் என்று நிறுத்தாமல் ஒரு வருடமாக வைத்துவிடுங்கள். தனிநபர் தரவு விதிகளும் லாக்குகளை ஒரு வருடம் வைக்கச் சொல்கின்றன, இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஏற்பாடாகிவிடும். பக்கெட் இந்திய ரீஜனில் இருக்கட்டும், அழிக்க முடியாதபடி ஆப்ஜெக்ட் லாக் என்ற பூட்டைப் போடுங்கள், அப்ளிகேஷன் ஓடும் அக்கவுண்டிலிருந்து வேறான அக்கவுண்டில் வையுங்கள். உள்ளே புகுந்தவன் முதலில் அழிக்கப் பார்ப்பது லாக்கைத்தான்.

லாக்கில் என்ன எழுதுகிறோம் என்பதற்கும் கட்டுப்பாடு வேண்டும். நோயாளியின் பெயர் வேண்டாம், உள் எண் போதும். இல்லையென்றால் லாக் பக்கெட்டே இன்னொரு நோயாளிப் பட்டியலாகிவிடும்.

கடிகாரத்தைத் தேசிய தகவல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரத்தோடு ஒத்துப்போக வைக்கச் சொல்கிறது செர்ட்-இன். பல நாடுகளில் சர்வர் வைத்திருப்பவர்கள் வேறு நம்பகமான நேர மூலத்தைப் பயன்படுத்தலாம், விலகல் இருக்கக் கூடாது. கிளவுட் சர்வர் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். லேபில் மெஷினோடு இணைந்திருக்கும் பழைய விண்டோஸ் கம்ப்யூட்டரின் நேரத்தைப் பாருங்கள். அது ஏழு நிமிடம் பின்தங்கியிருந்தால், சம்பவம் நடந்த அன்று யார் முதலில் உள்ளே வந்தார்கள் என்று சொல்ல முடியாமல் போகும்.

ஏழாம் படி: அறிவிப்பு, சம்மதம், அழிப்பு

சம்மதம் கேட்கும் அறிவிப்பைத் தமிழிலும் படிக்கும் வசதி தர வேண்டும். அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் எதையும் தேர்ந்தெடுக்கும் உரிமை மக்களுக்கு இருக்கிறது. எந்தெந்தத் தகவலை எதற்கு வாங்குகிறோம் என்று பிரித்து எழுதுங்கள். "உங்கள் மொபைல் நம்பர்: ரிப்போர்ட் தயாரானதும் சொல்வதற்கு" என்பது போல. அதே நம்பருக்குச் சலுகை விளம்பரம் அனுப்ப வேண்டும் என்றால் அதற்குத் தனிச் சம்மதம், தனி டிக். சம்மதம் கொடுத்தது எவ்வளவு சுலபமோ திரும்பப் பெறுவதும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும் என்கிறது சட்டம். 18 வயதுக்குக் கீழே என்றால் பொதுவாகப் பெற்றோரின் சம்மதம் சரிபார்க்கும் விதத்தில் வேண்டும். சிறுவர்களுக்கான அப்ளிகேஷன் செய்கிறவர்களுக்கு இது பெரிய வேலை, முதலிலேயே திட்டத்தில் சேர்த்துவிடுங்கள்.

அழிக்கச் சொன்னால் டேட்டாபேஸில் அழித்துவிடலாம். பேக்கப்பில்? ஒவ்வொரு ஸ்னாப்ஷாட்டையும் (அந்தந்த நேரத்து முழு நகலையும்) திறந்து ஒருவரை மட்டும் நீக்க முடியாது. பேக்கப்புக்கு 35 நாள் என்று ஒரு ஆயுள் வைத்து எழுதிக்கொள்ளுங்கள். அழித்தவர்களின் உள் எண்ணை மட்டும் தனிப் பட்டியலாக வைத்திருங்கள். எப்போதாவது பேக்கப்பிலிருந்து எழுப்பினால், ஆட்களை உள்ளே விடுவதற்கு முன் அந்தப் பட்டியலை மறுபடி ஓட்டி அழிக்க வேண்டும். வேறு சட்டப்படி வைத்தே ஆக வேண்டிய பில்லும் கணக்கும் அழியாது என்பதை அறிவிப்பிலேயே நேராகச் சொல்லிவிடுங்கள்.

எட்டாம் படி: ஒப்பந்தம்

கிளவுட் கம்பெனியிடம் இருக்கும் ஐஎஸ்ஓ சான்றிதழ் அவர்கள் கட்டடத்துக்கும் மெஷினுக்கும். அதன்மேல் நீங்கள் திறந்து வைத்த பக்கெட்டுக்கு அது பொறுப்பேற்காது. லேபோடு போடும் ஒப்பந்தத்தில் எந்த ரீஜன், எந்தெந்தத் துணைச் சேவைகள், சம்பவம் நடந்தால் எத்தனை மணி நேரத்தில் சொல்வோம், உறவு முடிந்தால் டேட்டாவை எந்த வடிவத்தில் திருப்பித் தந்து எப்போது அழிப்போம் என்று எழுதுங்கள். இரண்டாம் படியில் நிரப்பிய ஷீட்டே இதற்கு இணைப்பு. அரசு வேலை என்றால் மத்திய மின்னணு அமைச்சகம் பட்டியலில் சேர்த்த கிளவுட்தானா, அந்தச் சேவையும் அந்தப் பட்டியலுக்குள் வருகிறதா என்று பார்த்துவிட்டு விலை சொல்லுங்கள்.

ஒன்பதாம் படி: அந்த 6 மணி நேரம்

சனிக்கிழமை இரவு பதினொன்றுக்கு யாரோ போன் செய்து "உங்க லேப் ரிப்போர்ட் எல்லாம் வெளிய தெரியுதுங்க" என்கிறார். அந்த நிமிடமே செர்ட்-இன்னின் 6 மணி நேரம் ஓட ஆரம்பிக்கிறது. நாம் உறுதி செய்த பிறகு எண்ணலாம் என்று நினைக்க வேண்டாம். பிறர் நம் கவனத்துக்குக் கொண்டுவந்த நேரமும் கணக்கில் வரும்.

அந்த இரவுக்கான தாளை இப்போதே தயார் செய்யுங்கள். காகிதத்தில், ஆபீஸிலும் இரண்டு பேர் வீட்டிலும். யார் முடிவெடுப்பார், அவர் போன் எடுக்காவிட்டால் யார், லேப் முதலாளியின் நம்பர், கிளவுட் சப்போர்ட்டைக் கூப்பிடும் வழி, செர்ட்-இன்னின் படிவம் எங்கே இருக்கிறது, அதில் நம் கம்பெனி விவரங்களை முன்கூட்டியே நிரப்பிய பிரதி. செய்யும் வரிசையும் அதிலேயே இருக்கட்டும். முதலில் வெளியே திறந்திருக்கும் வழியை மூடுங்கள். சர்வரை அழிக்காதீர்கள், ஸ்னாப்ஷாட் எடுத்துத் தனியே வையுங்கள். சாவிகளையும் பாஸ்வேர்டுகளையும் மாற்றுங்கள். எல்லாம் தெரிந்த பிறகு எழுதலாம் என்று காத்திருக்காமல், தெரிந்ததை வைத்து முதல் தகவலை அனுப்புங்கள். மீதியைப் பின்னால் சேர்க்கலாம்.

தனிநபர் தரவு விதிகள் முழுமையாக அமலுக்கு வந்ததும் இன்னொரு கடிகாரமும் சேரும். பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும், தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கும் தாமதமின்றிச் சொல்ல வேண்டும். வாரியத்துக்கு விரிவான அறிக்கை 72 மணி நேரத்துக்குள். சின்னக் கசிவு என்றால் விட்டுவிடலாம் என்ற வரம்பு இந்தியச் சட்டத்தில் இல்லை. ஐரோப்பாவிலும் 72 மணி நேரம்தான். சிங்கப்பூரில் 500 அல்லது அதற்குமேற்பட்ட பேருக்குப் பாதிப்பு அல்லது பெரிய தீங்கு வாய்ப்பு என்றால், அறிவிக்க வேண்டியது என்று முடிவான 3 நாளுக்குள். மக்களுக்கு அனுப்பும் செய்தியைத் தமிழில் இப்போதே எழுதி வையுங்கள். என்ன நடந்தது, எந்தத் தகவல், நாங்கள் என்ன செய்தோம், நீங்கள் என்ன செய்ய வேண்டும், யாரைக் கேட்க வேண்டும். பதற்றத்தில் எழுதினால் வக்கீல் நோட்டீஸ் மாதிரி வரும். ராயபுரத்தில் இருக்கும் ஒரு பாட்டிக்கு அது புரியாது.

வருடத்தில் இரண்டு முறையாவது ஒத்திகை பாருங்கள். முன்கூட்டிச் சொல்லாமல், விடுமுறை நாளில். போன் எடுக்காதவர் யார், படிவம் கிடைக்காமல் தேடியது யார் என்பது அன்றைக்கே தெரிந்துவிடும்.

பத்தாம் படி: கையில் ஆதாரம்

செய்ததைக் காட்ட முடிய வேண்டும். ஒரு ஃபோல்டரில் டேட்டா ஷீட், ரீஜன் மறுப்பின் ஸ்கிரீன்ஷாட், லாக் பக்கெட்டின் செட்டிங், ஒப்பந்தங்கள், ஒத்திகைக் குறிப்பு, பேக்கப்பிலிருந்து கடைசியாக எழுப்பிப் பார்த்த தேதி ஆகியவற்றைப் போட்டு வையுங்கள். பாலிசியையும் பக்கெட்டையும் கன்சோலில் கையால் செய்யாமல் டெர்ராஃபார்மில் (கிளவுட் அமைப்பைப் புரோகிராமாக எழுதும் கருவியில்) எழுதினால், யார் எப்போது எதை மாற்றினார் என்பதற்கு, கோடு மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட்டின் வரலாறே சாட்சி.

மாதம் ஒரு நாள் வைத்து இரண்டு வேலை செய்யுங்கள். டிஎன்எஸ் பெயர்ப் பட்டியலை ஷீட்டோடு ஒப்பிடுங்கள். பேக்கப் ஒன்றை ஹைதராபாத்தில் எழுப்பி, அதில் ஒரு ரிப்போர்ட் திறக்கிறதா என்று பாருங்கள். புதிதாக ஒரு சேவையைச் சேர்க்க யாராவது கேட்டால், ஷீட்டில் அதற்கான வரியை நிரப்பிய பிறகுதான் கோடு மெர்ஜ் ஆக வேண்டும் என்று விதி வையுங்கள்.